‘ஏர்கோன் கடையில போய்க் கேளுங்க’ என்று சொன்ன மகனுக்கு

பினாங்குத் தீவின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியும், ஜார்ஜ்டவுன் தொடங்கி கடலுக்கு அக்கரைப் பாகான் டாலாம் வரை ஒரு வீடு விடாமல் தூக்கத்தைக் கெடுத்த பெருமைக்குரியவனும், உன்னைப் பெற்ற அப்பனுமாகிய நான் எழுதுவது. இங்கே யாரும் நலமாக இல்லை. நீயும் நலமாக இருக்கமாட்டாய் என்றே நம்புகிறேன். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று யாராவது வந்து சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும்.

இதை ஓர் உறையில் போட்டு ஒட்டி உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். உன் அம்மா அதைத்தான் சொன்னாள். “அடுத்த மாசம் அவன் கல்யாணத்த வச்சிக்கிட்டு, குடும்பத்து விஷயத்த ஊருக்கு முன்னால விரிக்கணுமா?” என்று கேட்டாள். விரித்தது நானில்லை. உன் தாய்மாமனைப் பற்றி நீ பேசியது பாகான் டாலாம் திடலில், என் ஆளுயர ஸ்பீக்கர்கள் வழியாக, நாற்காலி கிடைக்காமல் சுவரில் ஏறி உட்கார்ந்தவர்கள் வரைக்கும் கேட்கும்படி. அதைக் கைபேசியில் பிடித்து, பின்னணி இசை சேர்த்து, நான் தேநீர் குடிக்கும் கடை வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மைக்கில் சொன்னதற்கு மூடிய உறையில் பதில் எழுதுகிற அளவுக்கு எனக்கு நாகரிகம் போதாது. அதனால் இந்தக் கடிதத்தை நம் தண்ணீர்ப் பந்தல் வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். படிக்க வேண்டியவன் நீ.

நம் தொழில் உனக்குத் தெரியும். குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் கல்யாணம், கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கி என்னுடையதுதான். எல்லாக் கட்சிக்கும் ஒரே மைக். ஒரு கட்சிக்காரர் அதில் எச்சில் தெறிக்கப் பேசுவார். நான் துடைத்து வைப்பேன். மறுநாள் அடுத்த கட்சிக்காரர் அதே மைக்கில் முன்னவரின் பரம்பரையையே கழுவி ஊற்றுவார். ஒரு தேர்தலில் நான் சத்தத்தைக் கூட்டிய கூட்டலில், தண்ணீர்மலை முருகன் போதுமடா சாமி என்று இன்னும் நாலு படி மேலே ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு முறை ஒரு வேட்பாளர் தொண்டையைச் செருமியதில், தீவுக்கு வந்துகொண்டிருந்த ஃபெர்ரி பாதிக் கடலில் திரும்பிப் பட்டர்வொர்த்துக்கே போய்விட்டது. இதையெல்லாம் நான் சொல்லும்போது நீ சின்ன வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். மிகைப்படுத்திப் பேசுவது நம் குடும்பச் சொத்து. அதில் உனக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்த விஷயத்தில் உன்னோடு பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன் சேகர் மாமாவை, அதாவது என் மச்சானை, நான் வர்ணித்தால் அவருக்கே அடையாளம் தெரியாது. பாகான் டாலாமில் காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் கைவைத்த காடியில் ஏறினால் பட்டர்வொர்த் மத்தியான வெயிலில் கம்பளி போர்த்திக்கொள்ள வேண்டும். ஒரு மீன்காரர் அவரிடம் வேனைக் காட்டிய பிறகு ஐஸ் வாங்குவதையே விட்டுவிட்டார். அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. நீ ஓட்டுப் போடும் வயது வந்ததும் எங்கள் இருவருக்கும் பிடிக்காத மூன்றாவது கட்சியாகப் பார்த்துச் சேர்ந்தாய். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையோரம் நம் பந்தலில் இந்த மூன்று கட்சியும் ஒரே மேசைக்குப் பின்னால் நிற்கும். ரோஸ் சீராப் கலக்குவது மாமா, எலுமிச்சை பிழிவது நான், கிளாஸ் நிரப்புவது நீ. அந்தப் பந்தலில் நமக்கு ஒரு சட்டம் இருந்தது. அரசியல் பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் கை நிற்கக்கூடாது. கை நின்றால் வாயும் நிற்க வேண்டும். வெயிலில் மலை இறங்கி வருகிறவன் நா வறண்டு நிற்கும்போது, உன் கொள்கை விளக்கம் முடியட்டும் என்று காத்திருக்க மாட்டான்.

நீ கல்லூரி முடித்து வந்த வருஷம் அந்த மேசையில் நடந்த சண்டையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். இங்கே நீட்டாமல் எழுதுகிறேன்.

“இத்தன வருஷமா ஒங்க கட்சி நமக்கு என்னா செஞ்சிச்சு மாமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்று நீ கேட்டாய்.

“கிளாஸ் காலியா நிக்கிது பாரு. ஊத்திக்கிட்டே திட்டு.”

“ஊத்துறேன். சொல்லுங்க.”

“சொல்றேன் லா. மொதல்ல நான் என்னா சொல்லுவேன்னு நீ நெனக்கிறியோ அத சொல்லு. சரியா சொல்லிட்டின்னா நான் வாயத் தொறக்கவே வேணாம்.”

நீ சொன்னாய். அவர் குரலிலேயே, அவர் இருமும் இடத்தில் இருமி, அவர் கட்சியின் நியாயத்தை அவரைவிட நன்றாகச் சொன்னாய். சீராப் வாங்க நின்றவர்கள் கைதட்டினார்கள். மாமா கரண்டியை நிறுத்தாமல், “மாப்ள, இவன எங்க கட்சிக்குக் குடுத்துரு லா, ஒனக்கெதுக்கு” என்றார் என்னிடம். பிறகு நீ அந்த நியாயங்களை ஒவ்வொன்றாக உடைத்தாய். அவரும் விடவில்லை. யாரும் யாரையும் மாற்றவில்லை. சாயங்காலம் மூன்று பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. மீதமிருந்த சீராப்பை நாமே குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். உலகத்து நாடாளுமன்றங்களை எல்லாம் கப்பலில் ஏற்றி வந்து இந்தப் பந்தலில் இறக்கி, ஆளுக்கொரு கரண்டியைக் கொடுக்க வேண்டும் என்று நான் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ கூச்சத்தோடு, “போதும்பா” என்றாய்.

விவகாரத்துக்கு வருகிறேன். சாலையை அகலப்படுத்த வேண்டும், ஓரத்தில் மரத்தடியில் இருக்கும் முனியாண்டி கோயிலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அரசாங்கத்தில் கோயில் குழுவுக்குச் சொல்லிவிட்டார்கள். மாமா அந்தக் குழுவின் தலைவர். வழக்குப் போட்டு எதிர்த்து நிற்கலாம் என்றவர்கள் பாதிப் பேர். பக்கத்திலேயே கோயில் பெயருக்கு எழுதித் தருகிற நிலத்தை வாங்கிக்கொண்டு நகரலாம் என்றவர்கள் மீதிப் பேர். மாமா வாங்கிக்கொள்ளும் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டார். நீ எதிர்த்தாய். அதில் தப்பே இல்லை. “ஒரு தடவ நகந்தோம்னா, நம்மள நகத்திக்கிட்டேதான் இருப்பாங்க” என்று நீ குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “இப்ப வாங்கலன்னா, இடிக்க வாரப்ப கையில ஒண்ணுமே இருக்காது தம்பி” என்று மாமா சொன்னபோது அதுவும் சரியென்றே பட்டது. இன்றைக்கும் இதில் யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது. முனியாண்டிக்கே தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. நீ உன் கட்சி மேடையில் ஏறினாய். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் நான். மகன் பேசுகிறான் என்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நீ பள்ளிக்கூடம், வேலை, வீட்டு வாடகை என்று ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தாய். கூட்டம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நீயும் பார்த்தாய். உன் குரல் மாறியது முதலில் என் விரலுக்குத்தான் தெரிந்தது. “நம்ம முனியாண்டிய வித்த மண்டோர் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்றாய். குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. “தெரியலன்னா ஏர்கோன் கடையில போய்க் கேளுங்க” என்றாய்.

மண்டோர் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் அகராதி வேண்டாம். ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குத் தலையாட்டிக்கொண்டு, தன் சனத்தையே விரட்டி வேலை வாங்கியவனுக்கு அந்தப் பெயர். துரை போய்விட்டான், தோட்டமும் போய்விட்டது. அந்தச் சொல்லை மட்டும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், நம்மில் ஒருவன் எதிர்ப்பக்கத்தோடு எதற்காவது ஒத்துப்போனால் அவன் முகத்தில் அப்புவதற்கு. அப்பிய பிறகு அவன் ஏன் கையெழுத்துப் போட்டான் என்று கேட்க வேண்டியதில்லை. அவன் பதில் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பேச்சை முடித்துவைக்கத்தான் அந்தச் சொல். கூட்டம் இடி இடித்ததுபோல் எழுந்து நின்றது. என் கை, பழக்கத்தில், சத்தத்தை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளியது. கூட்ட இரைச்சலில் பேச்சாளரின் குரல் அமுங்கக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அமுங்கவில்லை.

மறுநாள் மாலை மாமா கடையின் இரும்புக் கதவை இறக்கிக்கொண்டிருந்தபோது மூன்று இளைஞர்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளை அணைக்கக்கூட இல்லை. “மண்டோர் நீதானா?” என்று கேட்டிருக்கிறார்கள். நீ போய்க் கேட்கச் சொன்னாய், கேட்டார்கள். அவர் காதில் சரியாக விழாமல், “என்னா காடி தம்பி?” என்று திரும்பியிருக்கிறார். ஹெல்மெட்டால் காதோரம் அடித்தார்கள். விழுந்தபோது கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்தது. பழுதுக்கு விட்டிருந்த காடிகளின் கண்ணாடிகளை உடைத்துவிட்டுப் போனார்கள். உடைத்தவர்களில் ஒருவனுடைய சித்தப்பாவின் காடியும் அங்கே நின்றிருக்கிறது. அதையும் சேர்த்தே உடைத்திருக்கிறான். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து நான் ஒரு மாதம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பேன். மூன்று பேரும் இப்போது லோக்கப்பில் இருக்கிறார்கள். அந்த முனியாண்டி கோயிலுக்கு அவர்களில் ஒருவனும் ஒரு சூடம் ஏற்றியதில்லை. மாமாவின் இடது காதில் எந்நேரமும் ஓர் ஊளைச் சத்தமாம். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் வருமே, அந்தச் சத்தம். அதை எந்தப் பொத்தானைத் திருகி நிறுத்துவது என்று இத்தனை வருஷம் இதே தொழில் செய்த எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து வருகிற சத்தம் எதுவும் அந்தக் காதில் விழவில்லை. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

செய்தி கேட்டதும் உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“நான் அடிக்கச் சொல்லலப்பா. கேளுங்கன்னுதான் சொன்னேன்.”

“கடைய எதுக்குடா சொன்ன?”

“பேச்சு வேகத்துல வந்திருச்சு.”

“பேச்சு வேகமா, கைதட்டு வேகமா?”

அதற்கு நீ திருப்பிக் கேட்டாய். “நம்மள வந்தேறின்னு சொன்னாங்க. குடிகாரன்னு சொன்னாங்க, குண்டர்னு சொன்னாங்க. அப்பல்லாம் நீங்க யாருக்காச்சும் போன் போட்டுக் கேட்டீங்களா? மரியாதையா பேசிப் பேசி நம்ம என்னத்தக் கண்டோம்? சத்தமா சொன்னாத்தான்பா திரும்பியாவது பாக்குறாங்க.”

நீ சொன்னதை நம் பந்தலில் செய்வதுபோல் உன் குரலிலேயே எனக்குள் சொல்லிப் பார்த்தேன். மரியாதை என்பது பல நேரம் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குப் போடும் வாய்ப்பூட்டு என்கிறாய். உண்மைதான். மிதிபட்டவனைப் பார்த்து மெதுவாகக் கத்து என்று சொல்ல எனக்கும் வாய் வராது. வந்தேறி என்று நம்மைச் சொன்னவனை நான் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பதும் உண்மை. அவன் எண் என்னிடம் இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன், பயம். நீ என்னைவிடத் தைரியசாலி. ஆனால் நீ கத்தியது மேலே இருக்கிற ஒருவனைப் பார்த்து இல்லையே. அவனுக்குப் பாதுகாவலர் உண்டு, வாசலில் கேமரா உண்டு. உன் மாமாவுக்கு இருந்தது கையால் இறக்குகிற ஓர் இரும்புக் கதவு. அவர் போட்ட கையெழுத்தைத் திட்டு, அந்த நிலத்தைத் திட்டு, அவர் சொன்ன காரணத்தை நார்நாராகக் கிழித்துத் தொங்கவிடு. அதற்கெல்லாம் ஸ்பீக்கர் போதவில்லை என்றால் இன்னும் இரண்டு சேர்த்து வைக்கிறேன். நீ அதையெல்லாம் தொடவில்லை. ஆளைத் தொட்டாய், அவர் எங்கே கிடைப்பார் என்றும் சொன்னாய்.

நானும் புளுகுகிறவன்தான், எனக்கென்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். முருகன் நாலு படி ஏறிப் போனார் என்று நான் சொன்னால் யாரும் போய்ப் படியை எண்ணிப் பார்ப்பதில்லை. கேட்கிறவனுக்கு அது புளுகு என்று தெரியும்; அவனும் நானும் சேர்ந்து விளையாடுகிறோம். உன்னுடையதைக் கேட்டவர்களில் பலருக்கும்கூட அது மேடைப் பேச்சு என்று தெரிந்திருக்கும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் நீயும் ஒரு கிளாஸ் தே தாரிக் குடித்துவிட்டு மறந்திருப்பாய். ஆனால் கூட்டத்தின் கடைசியில் எங்கேயோ நின்ற மூன்று பேருக்கு அது பேச்சில்லை, வேலை. தங்களுக்கு யாரோ முதன்முதலாக ஒரு வேலை கொடுத்ததுபோல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் எந்தக் கூட்டத்தில் நிற்பார்கள், எத்தனை பேர் நிற்பார்கள் என்று மேடையில் இருப்பவனுக்குத் தெரியாது. மிக்சரில் இருப்பவனுக்கும் தெரியாது.

அந்தச் சொல்லும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. போன வாரம் காதர் பாய் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். “வாங்க வாங்க, மண்டோர் மச்சான்” என்றான் ஒருவன், நாலு மேசைக்குக் கேட்கும்படி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளுமே என்று பயம். காதர் பாய் வந்து தோளைத் தொட்டு, “உள்ள வந்து உக்காருங்கண்ணே, அங்க காத்தாடி இருக்கு” என்றார். முப்பது வருஷமாகத் தெருவோர மேசையில் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிற எனக்கு, அன்றைக்கு அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் அன்பாகத்தான் செய்தார். உன் மாமன் மகளைக் கல்லூரியில் ‘மண்டோர் மக’ என்கிறார்களாம். அவள் கைபேசியில் முகப்புப் படமாக வைத்திருந்த அப்பாவின் படத்தை எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மாமா அதைப் பார்த்துவிட்டார்.

போன தேர்தலில் கொடி கட்டப் போன உன் நண்பனின் மூக்கை மாமா கட்சிப் பையன்கள் உடைத்தார்களே, அதை நீ மறந்திருக்கமாட்டாய். மறுநாள் அவர் கட்சிக் கூட்டம். வரவேற்புரை சொல்வதற்காக மாமாவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் வரவேற்கவில்லை. “நேத்து அந்தப் பையன அடிச்சது நம்ம ஆளுங்கதான். எனக்குத் தெரியும். அவன் நமக்கு ஓட்டுப் போடமாட்டான். போடாட்டிப் போறான் லா, அவன் மூக்கு அவனுக்கு வேணும்ல” என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பிறகு கூச்சல் போட்டார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று மேடைக்குப் பறந்து வந்தது. மைக்கை அணை என்று கட்சிக்காரர் ஒருவர் எனக்குக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். நான் ஏதோ ஒயர் கழன்றுவிட்டதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். மாமா பேசி முடிக்கும் வரை எனக்கு அந்த ஒயர் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் மாமாவை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. நீ அந்தப் பேச்சின் காணொளியைப் பார்த்துவிட்டு, “நல்லா நடிக்கிறாரு” என்றாய். நானும் அதைக் கேட்டுக்கொண்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நீ நேற்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. மாமா வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுகிறேன், மேடையில் மன்னிப்புக் கேட்க மட்டும் சொல்லாதீர்கள், தேர்தல் முடியட்டும் என்றாயாம். காலில் விழ வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதில் எனக்கு உன்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் நீ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தால், வெளியே நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? திடலில் நின்ற அத்தனை பேருக்கும் அவர் இன்னும் மண்டோர்தான். அடுத்து ஹெல்மெட்டைத் தூக்குகிறவன் உன் மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கமாட்டான்.

முந்தாநாள் நானும் அம்மாவும் கஞ்சி எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்ட அவரைப் பார்க்கப் போனோம். அவர் வலது காதுப் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியவர் அவர்தானே.

“வாரேன் மாப்ள, வராம என்னா? பின்னால உக்காந்துக்குறேன். மணவறைக்கு மட்டும் வேணாம்.”

“ஏன் மச்சான், கையில கட்டு இருக்குன்னா? மாலைய நான் ஒரு பக்கம் புடிச்சுக்குறேன்.”

“கையி இல்ல லா. எங்கூட போட்டோவுல நின்னான்னா, அவன் கட்சில அவனையும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சிருவாங்க. புது மாப்பிள. எதுக்கு அவனுக்கு அது?”

அவர் உன்மேல் கோபமாக இருப்பார், திட்டுவார், நான் நடுவில் புகுந்து ஏதாவது கோமாளித்தனம் செய்து சமாளிக்கலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உன் அம்மா சாட்சி சொல்வாள். திரும்பி வரும்போது ஃபெர்ரியில் அவள் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அவள் பெரியம்மா மகனை மாமன் முறைக்கு நிற்க வைக்கலாம், அதுவும் முறைதான் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நான் மெதுவாக எடுத்தேன். “எங்கண்ணன் உசுரோட இருக்காரு. இன்னொருத்தர நிக்க வைக்கமாட்டேன்” என்றாள்.

சனிக்கிழமை அதே திடலில் உன் கட்சியின் கடைசிக் கூட்டம். ஒலிபெருக்கிக்கு என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். போகாதே என்கிறார்கள் என் நண்பர்கள். நான் போவேன். முனியாண்டி கோயில் விஷயத்தில் உன் கருத்தில் ஓர் எழுத்தைக்கூட நீ மாற்ற வேண்டாம். நகரக்கூடாது என்று முன்னைவிடச் சத்தமாகவே சொல். அதோடு, சேகர் மாமா அப்படிப்பட்டவர் இல்லை, நான் சொன்னது தப்பு, யாரும் யார் கடைக்கும் போகக்கூடாது என்பதையும் அதே சத்தத்தில் சொல். கூச்சல் போடுவார்கள். அடுத்த முறை உனக்கு மேடை கிடைக்காமல் போகலாம். உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உனக்கே தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இதை லேசாகக் கேட்கவில்லை. மைக் உன் கையில் இருக்கும். அதை அணைக்கச் சொல்லி யார் சைகை காட்டினாலும் நான் அணைக்கமாட்டேன்.

நீ சொல்லாமல் இறங்கிப் போனாலும் உன் கல்யாணம் நடக்கும். நான் உன்னை வீட்டை விட்டுத் துரத்தப்போவதில்லை, சாபம் விடப்போவதில்லை. மண்டபத்துக்கு ஒலிபெருக்கியும் நான்தான் வைப்பேன். ஐயர் மைக்கில் தாய்மாமனைக் கூப்பிடுவார். நானும் உன் அம்மாவும் வேறு யாரையும் அனுப்பமாட்டோம். இன்னொரு தடவை கூப்பிடுவார். உன் மாமா கடைசி வரிசையில், நல்ல காதை மணவறைப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிடுவது அவருக்குக் கேட்கும். எழுந்து வரமாட்டார்.

அப்பா